ஓய்வு பெற்ற பிறகு நாட்களை எதைக் கொண்டு நிறைப்பது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்

அந்திவெயில் (தொடக்கப் பதிவு)

வணக்கம் நண்பர்களே. இன்னும் சில மாதங்களில் பணி ஓய்வு. கணக்குப் பிரிவில் வேலை. ஓய்வூதியம், சேமிப்பு இதையெல்லாம் உட்கார்ந்து கணக்குப் போட்டாயிற்று, அது இந்த இழைக்கு வேண்டாம்.

எனக்கு வேண்டியது வேறு. பொழுதுபோக்கு, பயணம், தன்னார்வப் பணி என்று மூன்று தலைப்பில் ஒரு பட்டியல் எழுதி வைத்திருக்கிறேன். வரையக் கற்க வேண்டும், பறவை பார்க்கப் போக வேண்டும், பார்க்காத ஊர்களைப் பார்க்க வேண்டும், பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தர வேண்டும். படித்துப் பார்த்தால் நிறைவாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு முன்னால் ஓய்வு பெற்றவர்களும் இதே மாதிரிப் பட்டியலோடுதான் வீட்டுக்குப் போனார்கள். அவர்களில் சிலர் இன்றைக்கு முகமலர்ச்சியோடு இருக்கிறார்கள், சிலர் ஒரு வருடத்துக்குள் வாடிவிட்டார்கள். பணத்திலோ உடல்நிலையிலோ இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அப்படியானால் எதில்தான் வித்தியாசம்? அந்தக் கட்டத்தைத் தாண்டியவர்கள் மனம் திறந்து எழுதினால் என்னைப் போல வாசலில் நிற்பவர்களுக்கு உதவும்.

கோடைமழை

வாழ்த்துகள் ஐயா. நான் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணம் அப்புறம். வாடிப்போனவர்களுக்குச் செய்ய ஒன்றும் கிடைக்காமல் போகவில்லை. அவர்களை எதிர்பார்த்து யாரும் காத்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

சம்பளத்தைத் தவிர வேலை நமக்கு என்னென்ன கொடுத்தது என்று யோசித்துப் பாருங்கள். நாளுக்கு ஒரு வடிவம் கொடுத்தது. வராவிட்டால் 'ஏன் இன்றைக்கு வரவில்லை' என்று கேட்க ஆள் கொடுத்தது. நேற்றைவிட இன்று கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்துகொள்ளும் கட்டாயத்தைக் கொடுத்தது. நாம் தேர்ந்தெடுக்காத மனிதர்களோடு பழக வைத்தது. இந்தக் கடைசி விஷயத்தை நான் பெரிதாக மதிக்கிறேன், ஏனென்றால் நம் விருப்பத்துக்கு விட்டால் நம்மைப் போன்றவர்களையே தேடிப் பிடிப்போம். ஓய்வு பெறும் நாளில் இவை எல்லாமே ஒன்றாக நின்றுபோகின்றன. பணம் நிற்பதற்கு மட்டும்தான் நாம் முன்கூட்டி ஏற்பாடு செய்கிறோம்.

உங்கள் பட்டியலில் ஒவ்வொன்றையும் எடுத்து, போனவற்றில் எதை இது திருப்பித் தரும் என்று கேளுங்கள். தனியாகத் தோட்டம் போட்டால் நாளுக்கு வடிவம் வரும், கற்பதும் நடக்கும், ஆனால் மனிதர்கள் வர மாட்டார்கள். பயணம் போனால் மனிதர்கள் கிடைப்பார்கள், ஆனால் திரும்பி வந்த மறுநாள் உங்களை யாரும் தேட மாட்டார்கள். வாரத்தில் ஒரு நாள் ஒரு பிள்ளை கணக்கு நோட்டோடு உங்களுக்காக உட்கார்ந்திருந்தால் கிட்டத்தட்ட எல்லாமே வந்துவிடும். ஆகவே உங்கள் பட்டியலில் கடைசியில் இருப்பதை முதலில் வையுங்கள் என்பேன்.

ராபர்ட் ஆட்ச்லி என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1970களில் ஓய்வுக் காலத்தைச் சில கட்டங்களாகப் பிரித்துக் காட்டினார். முதலில் தேனிலவு போல ஒரு உற்சாகம். அது வடிந்ததும் ஒரு ஏமாற்றம். அப்புறம் எது முடியும், எது வேண்டும் என்று திரும்ப அடுக்கிப் பார்த்து நிலைபெறுவது. எல்லாருக்கும் எல்லாக் கட்டமும் வரும் என்றில்லை. ஆனால் உற்சாகக் கட்டத்தில் எந்தப் பட்டியலும் நன்றாகத்தான் வேலை செய்யும் என்பதை நினைவில் வையுங்கள். அது வடிந்த பிறகும் உங்களைப் படுக்கையிலிருந்து எழுப்புகிற ஒன்று அதில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

நடைவண்டி

கோடைமழை அம்மா பயணத்தைக் கொஞ்சம் கீழே தள்ளிவிட்டார்கள். ஒத்துக்கொள்ள முடியாது. :)

ஓய்வுக்குப் பிறகு போகும் பயணம் வேறு ரகம். விடுமுறை எடுத்துப் போன காலத்தில் நான்கு நாளில் எட்டு இடம் பார்த்துவிட்டு ஓடி வருவோம். இப்போது ஒரே ஊரில் இரண்டு வாரம், முடிந்தால் ஒரு மாதம் தங்கலாம். கூட்டம் குறைந்த மாதத்தில் போகலாம், வார நாளில் கிளம்பலாம், மழை பெய்தால் அறையிலேயே இருந்துவிட்டு நாளைக்குப் பார்க்கலாம். ஒரு வாரம் ஒரே தெருவில் நடந்தால் அந்தத் தெருக்காரர்கள் தலையசைக்க ஆரம்பிப்பார்கள். நான் பயணத்தை அந்தத் தலையசைப்பில் இருந்துதான் கணக்கு வைக்கிறேன்.

நெதர்லாந்தில் சுமார் 1,500 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2010இல் வெளிவந்தது. விடுமுறைக்குப் போகிறவர்கள் போவதற்கு முன்புதான் மற்றவர்களைவிட மகிழ்ச்சியாக இருந்தார்கள். திரும்பி வந்த பிறகு, மிக நிம்மதியான பயணம் அமைந்தவர்களைத் தவிர மற்றவர்களுக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இதைப் பயணத்துக்கு எதிரான வாதமாகச் சிலர் சொல்வார்கள். நான் மாற்றிச் சொல்கிறேன். எதிர்பார்ப்பில்தான் பாதி இன்பம் என்றால் அந்த எதிர்பார்ப்பை நீட்டுங்கள். ஆறு மாதம் முன்பே இடத்தை முடிவு செய்து, அந்த ஊரின் வரலாற்றைப் படியுங்கள், நாலு வாக்கியமாவது அவர்கள் மொழியில் பேசக் கற்றுக்கொள்ளுங்கள். அது ஒரு பொழுதுபோக்காகவே வளர்ந்துவிடும்.

கற்பதும் பயணமும் ஒன்றாக வேண்டும் என்றால் அதற்கும் பழைய முன்மாதிரி உண்டு. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் 1975இல் எல்டர்ஹாஸ்டல் என்று தொடங்கினார்கள், இப்போது ரோடு ஸ்காலர் என்று பெயர். கோடையில் காலியாகக் கிடந்த கல்லூரி விடுதிகளில் மூத்தவர்களைத் தங்கவைத்து வகுப்பு நடத்துவதுதான் ஆரம்ப யோசனை. நமக்கு அந்த அமைப்பே வேண்டும் என்பதில்லை. ஒத்த ஆர்வமுள்ள நாலு பேர் சேர்ந்து, ஒரு பொருளை வைத்துக்கொண்டு ஓர் இடத்துக்குப் போனால் போதும்.

உடம்பு விஷயம் கொஞ்சம். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் காலில் இரத்தம் உறையும் ஆபத்து கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் சொன்னது. விமானம், பேருந்து, ரயில், கார் எதுவானாலும் சரி. இடையிடையே எழுந்து நடங்கள், கெண்டைக்காலை அசைத்துக்கொண்டே இருங்கள். 2,500 மீட்டருக்கு மேல் உள்ள மலை ஊர் என்றால் ஒரே நாளில் ஏறாதீர்கள். மருந்துகளைக் கைப்பையில் வையுங்கள், மருத்துவர் சீட்டு ஒரு பிரதி தனியாக. காப்பீட்டுப் படிவத்தில் சர்க்கரை, இரத்த அழுத்தம் எதையும் மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தால் தேவைப்படும் நேரத்தில் காப்பீடு கிடைக்காமல் போகலாம்.

நிழல்மரம்

எனக்கு இந்த இழையின் தலைப்பிலேயே ஒரு வருத்தம். நாட்களை ஏன் 'நிறைக்க' வேண்டும்? முப்பது, முப்பத்தைந்து வருடம் நிறைந்த நாட்களாகவே ஓட்டியாயிற்று. இப்போதும் ஒரு நாட்குறிப்பு, அதில் கட்டம் கட்டமாக யோகா, ஓவியம், சேவை. சும்மா இருப்பதை ஏன் எல்லாரும் நோய் மாதிரிப் பார்க்கிறீர்கள்?

நான் காலையில் எழுந்து மெதுவாக நடக்கிறேன், படிக்கிறேன், மதியம் தூங்குகிறேன், மாலையில் ஒரு நண்பரோடு பேசுகிறேன். வேறு ஒன்றும் இல்லை. நிறைவாக இருக்கிறேன். 1961இல் கம்மிங், ஹென்றி என்ற இரு ஆய்வாளர்கள், வயதாக ஆக மனிதர் தாமாகவே கொஞ்சம் கொஞ்சமாக விலகுவது இயல்பு என்று எழுதினார்கள். பின்னால் வந்தவர்கள் அதைக் கடுமையாக மறுத்தார்கள், தெரியும். ஆனால் அதில் எனக்கு ஒரு உண்மை தெரிகிறது. பரபரப்பு வேறு, நிறைவு வேறு.

கோடைமழை

நிழல்மரம் ஐயா, உங்கள் கடைசி வாக்கியத்தோடு முழுக்க உடன்படுகிறேன். ஆனால் உங்கள் நாளைத் திரும்ப வாசியுங்கள். மாலையில் ஒரு நண்பர் இருக்கிறார் இல்லையா? ஒரு நாள் நீங்கள் வராவிட்டால் அவர் தேடி வருவார். நான் சொன்னதும் அதுதான். எதிர்பார்க்க ஒருவர் இருக்கும் ஆளுக்குச் சும்மா இருப்பது சுகம். யாரும் இல்லாத ஆளுக்கு அது தனிமை.

1938இல் ஹார்வர்டில் தொடங்கி இன்றும் நடந்துகொண்டிருக்கும் ஓர் ஆய்வு இருக்கிறது. 268 கல்லூரி மாணவர்களும், பாஸ்டன் நகரின் ஏழ்மையான பகுதிகளைச் சேர்ந்த 456 சிறுவர்களும் வாழ்நாள் முழுக்கப் பின்தொடரப்பட்டார்கள். 80 வயதில் யார் நலமாக இருப்பார் என்பதை, 50 வயதில் அவருடைய கொழுப்பு அளவைவிட உறவுகளில் அவருக்கு இருந்த திருப்தி நன்றாகக் காட்டியது என்று அந்த ஆய்வை நடத்துபவர்கள் சொல்கிறார்கள். அவர்கள் உறவுகளின் எண்ணிக்கையை அல்ல, தன்மையைப் பற்றிப் பேசுகிறார்கள். உங்கள் ஒரு நண்பர் போதும்.

நிழல்மரம்

அவர் இருக்கும்வரை போதும் அம்மா. நீங்கள் சொன்ன பிறகுதான் அதை யோசிக்கிறேன்.

தூரிகை

ஓவியம் என்று பார்த்ததும் வந்துவிட்டேன். நான் ஓய்வுக்குப் பிறகுதான் நீர்வண்ணம் பழகினேன், வகுப்பில் எல்லாருக்கும் மூத்தவள்.

கிராண்ட்மா மோசஸ் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1860இல் பிறந்தவர். பண்ணை வேலையிலேயே வாழ்நாளைக் கழித்தவர். எம்பிராய்டரி போட்டுக்கொண்டிருந்த விரல்கள் மூட்டுவலியால் ஊசியைப் பிடிக்க முடியாமல் போனதும், எழுபது வயதைத் தாண்டித் தூரிகையைத் தீவிரமாக எடுத்தார். 1961இல் 101 வயதில் இறக்கும்போது உலகறிந்த ஓவியர். எல்லாரும் இவரைப் புகழுக்காகச் சொல்வார்கள். எனக்கு அந்த விரல்கள்தான் முக்கியம். ஒன்று முடியாமல் போனதும் அதே மனம் வேறு கருவியைத் தேடிப் போயிருக்கிறது. நம் வயதில் ஒவ்வொரு பொழுதுபோக்குக்கும் இந்த மாற்று வழியை யோசித்து வைப்பது நல்லது. மண்ணில் குனிய முடியாவிட்டால் இடுப்பளவு உயரத்தில் தொட்டி வைத்துச் செடி வளர்க்கலாம். கண் தளர்ந்தால் படிப்பதைக் கேட்பதாக மாற்றலாம். காது மந்தமானால் பாட்டு வகுப்பை விட்டுவிட்டுக் களிமண்ணுக்கு வரலாம்.

அப்புறம், தெரிந்ததையே திரும்பச் செய்வதைவிடத் தெரியாததைக் கற்பது மேல். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டல்லஸ் வளாகத்தில் டெனிஸ் பார்க் என்பவரின் குழு, 60 முதல் 90 வயதுவரை உள்ள இருநூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் பல பிரிவாகப் பிரித்தது. சிலர் டிஜிட்டல் புகைப்படம் கற்றார்கள், சிலர் துணித் துண்டுகளைச் சேர்த்துக் கில்ட் என்ற போர்வை தைக்கக் கற்றார்கள், சிலர் இரண்டையும். வாரத்துக்கு ஏறக்குறைய 15 மணி நேரம், மூன்று மாதம். இன்னொரு பிரிவு சேர்ந்து அரட்டை, விளையாட்டு, சிறு சுற்றுலா என்று இருந்தது. வேறொரு பிரிவு வீட்டிலேயே இசை கேட்பது, குறுக்கெழுத்துப் போடுவது போன்ற பழகிய வேலைகளைச் செய்தது. முடிவில் நினைவாற்றல் கூடியது புதிதாகக் கற்றவர்களுக்குத்தான். 2014இல் வெளியானது. கோடைமழை அம்மா மனிதர்கள் வேண்டும் என்கிறார்கள், சரி. ஆனால் மனிதர்கள் மட்டும் இருந்தால் மூளைக்குப் போதவில்லை என்று இது சொல்கிறது. கஷ்டமாக இருக்க வேண்டும், திணற வேண்டும், மூன்றாம் வாரம் 'இது நமக்கு வராது' என்று தோன்ற வேண்டும். அந்த மூன்றாம் வாரத்தைத் தாண்ட உங்களுக்கு ஒரு வகுப்பு தேவை. தனியாக வீடியோ பார்த்துக் கற்பவர்கள் பெரும்பாலும் அங்கேதான் நின்றுவிடுகிறார்கள்.

இன்னொருபக்கம்

எல்லாரும் ஓய்வு பெற்றவர் பக்கத்திலிருந்தே பேசுகிறீர்கள். ஓய்வு பெற்றவரின் மனைவி பக்கத்திலிருந்து நான் எழுதுகிறேன்.

அவருக்கு ஓய்வு வந்தது. எனக்கு வரவில்லை. வீட்டு வேலைக்கு ஓய்வு வயது என்று ஒன்று கிடையாது. இத்தனை வருடம் பகலில் வீடு என் கையில் இருந்தது, எனக்கென்று ஒரு ஒழுங்கு இருந்தது, மதியம் ஒரு மணி நேரம் எனக்கே எனக்கானதாக இருந்தது. திடீரென்று இன்னொருவர் முழு நாளும் பக்கத்தில், அடுத்து என்ன, இது ஏன் இங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு. அன்பில் குறைவில்லை. ஆனால் மூச்சு முட்டியது.

அந்திவெயில் ஐயா, உங்கள் பட்டியலில் ஒரு வரி இல்லை. உங்கள் மனைவியின் நாள் இனி எப்படி இருக்கும்? வீட்டு வேலையில் பாதி உங்களுடையது என்று முதல் வாரத்திலேயே பேசி முடிவு செய்யுங்கள். 'உதவுகிறேன்' என்று சொல்லாமல், இன்னின்ன வேலை என் பொறுப்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது அவர்களுக்கும் ஒரு பொழுதுபோக்கோ பயணமோ வாய்க்கும். எங்கள் வீட்டில் இப்போது வாரத்தில் மூன்று காலைகள் அவர் வெளியே போகிறார், இரண்டு மாலைகள் நான் போகிறேன். சேர்ந்து செய்வது ஒன்றே ஒன்று, நடை. மற்றது அவரவர் உலகம். சாயங்காலம் சந்திக்கும்போது பேசுவதற்குப் புதிதாக ஏதாவது இருக்கிறது.

அந்திவெயில்

அம்மா, இந்த வரி என் பட்டியலில் இல்லைதான். இன்றே வீட்டில் பேசுகிறேன். நன்றி.

பழைய போல்ட்நட்

தன்னார்வப் பணி பற்றிக் கொஞ்சம் கசப்பான ஆனால் உபயோகமான அனுபவம். நான் இயந்திரப் பொறியாளன். ஓய்வு பெற்றதும் ஓர் அமைப்பில் (பெயர் வேண்டாம்) சேர்ந்தேன். போகும் நாட்களில் நாற்காலி அடுக்குவது, விருந்தினர் வரும்போது முன்வரிசையில் உட்கார்ந்து புகைப்படத்தில் நிற்பது. நாற்காலி அடுக்குவது இழிவு என்று சொல்லவில்லை, யாராவது அடுக்கத்தான் வேண்டும். ஆனால் அங்கே தண்ணீர் மோட்டார் பழுதாகிக் கிடந்தது, சக்கர நாற்காலிகள் உடைந்து மூலையில் இருந்தன. நான் சரிசெய்கிறேன் என்று எத்தனை முறை சொன்னாலும் 'பார்க்கலாம் சார்' என்பார்கள். வெளியே வந்துவிட்டேன்.

அடுத்த இடத்துக்குப் போகும்போது கேள்விகளோடு போனேன். யாரிடம் நான் பொறுப்புச் சொல்ல வேண்டும்? எந்த நாள், எத்தனை மணி நேரம்? பயிற்சி தருவீர்களா? போக்குவரத்துச் செலவு யாருடையது? மூன்று மாதம் கழித்து உட்கார்ந்து பேசி, சரிவரவில்லை என்றால் வருத்தமில்லாமல் விலகலாமா? நல்ல அமைப்பு இந்தக் கேள்விகளைக் கேட்டால் மகிழும். குழந்தைகளோடு வேலை என்றால் அவர்கள் நம் பின்னணியை விசாரிப்பார்கள், விதிகள் சொல்வார்கள். அதைக் கண்டு கோபப்படாதீர்கள். விசாரிக்காமல் சேர்த்துக்கொள்ளும் இடத்தைப் பார்த்துத்தான் கவலைப்பட வேண்டும்.

இப்போது வாரம் ஒரு நாள் பழுதுபார்க்கும் கூடத்தில் இருக்கிறேன். 2009இல் ஆம்ஸ்டர்டாமில் ரிப்பேர் கஃபே என்று தொடங்கிய யோசனை இன்று பல நாடுகளில் இருக்கிறது. மக்கள் உடைந்த மின்விசிறி, வானொலி, தையல் இயந்திரம் கொண்டுவருவார்கள். நாமாகச் சரிசெய்து கொடுத்துவிடுவதில்லை, அவர்களையும் பக்கத்தில் உட்காரவைத்துச் சேர்ந்து செய்வோம். என் கை இன்னும் ஒரு வேலைக்கு ஆகிறது. ஒரு பெண் பிள்ளை இப்போது என்னைவிட வேகமாகச் சால்டர் வைக்கிறாள். அதைப் பார்க்கும்போது வரும் சந்தோஷம் எனக்கு வேலையில் இருந்த காலத்தில்கூட வந்ததில்லை.

அளவு பற்றியும் ஒன்று. ஐம்பது வயதைத் தாண்டிய சுமார் 13,000 அமெரிக்கர்களை வைத்து 2020இல் வெளிவந்த ஆய்வில், ஆண்டுக்கு 100 மணி நேரமாவது தன்னார்வப் பணி செய்தவர்களுக்கு இறப்பு ஆபத்தும் உடல் முடக்கமும் குறைவாக இருந்தன. ஆண்டுக்கு 100 என்றால் வாரத்துக்கு இரண்டு மணி. நலமாக இருப்பவர்கள்தான் சேவைக்குப் போகிறார்கள் என்ற கேள்வி எப்போதும் உண்டு, ஆய்வாளர்கள் அதையும் கணக்கில் எடுக்க முயன்றிருக்கிறார்கள். எப்படியானாலும், முதல் மாதமே வாரம் ஐந்து நாள் ஒப்புக்கொள்ள வேண்டாம். இரண்டு மணியில் ஆரம்பியுங்கள்.

வேர்கள்

இந்த இழையை ஒரு வாரமாகப் படிக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன்.

என் கணவருக்குப் பக்கவாதம். நான் ஓய்வு பெற்ற அடுத்த வருடமே. பயணம், வகுப்பு, வாரம் ஒரு நாள் சேவை என்று நீங்கள் எழுதுவதெல்லாம் எனக்குக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. ஒரே நேரத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் என்னால் வீட்டை விட்டு விலக முடியாது. எந்த ஒரு மணி நேரம் என்றும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. என்னைப் போன்றவர்களுக்கு ஏதாவது உண்டா?

கோடைமழை

வேர்கள் அம்மா, நீங்கள் எழுதியதற்கு நன்றி. முதலில் ஒன்று. நீங்கள் செய்வதே முழுநேரப் பணி. அதற்கு மேல் இன்னொன்று செய்துதான் ஆக வேண்டும் என்று யாரும் உங்களிடம் சொல்ல விடாதீர்கள். வேண்டும் என்று உங்கள் மனம் கேட்டால் மட்டும் தேடுங்கள்.

மழைக்குருவி

உண்டு அக்கா, நிறைய உண்டு. எனக்கும் சில வருடம் வீட்டோடு கட்டுண்டு இருக்க வேண்டி வந்தது, அதனால் இவற்றைத் தேடித் தேடித் தெரிந்துகொண்டேன்.

தமிழ் படிக்கத் தெரியும், கணினியோ கைபேசியோ இருக்கிறது என்றால் விக்கிமூலம் என்ற இணைய நூலகத்துக்கு வாருங்கள். பழைய புத்தகத்தின் பக்கம் படமாக ஒரு புறம், எந்திரம் படித்த எழுத்து மறுபுறம். பிழை பார்த்துத் திருத்த வேண்டும். ஒரு பக்கத்துக்குப் பத்துப் பதினைந்து நிமிடம். கணவர் கூப்பிட்டால் சேமித்துவிட்டு எழுந்து போகலாம், திரும்ப வந்து விட்ட இடத்தில் தொடரலாம், யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். நீங்கள் திருத்திய பக்கத்தை இன்னொருவர் சரிபார்ப்பார். மதுரைத் திட்டம் 1998இல் தொடங்கியதிலிருந்து இப்படித் தன்னார்வலர்கள் தட்டெழுதியும் திருத்தியும்தான் பழந்தமிழ் நூல்கள் இணையத்துக்கு வந்தன. நான் பிழை பார்த்த ஒரு புத்தகத்தை யாரோ தேடி எடுத்துப் படிக்கிறார்கள் என்பது ஒரு பெரிய பலம்.

எழுத்து வேண்டாம், படம் போதும் என்றால் ஜூனிவர்ஸ் என்ற தளம். 2007இல் வந்த கேலக்சி ஜூ என்ற திட்டத்திலிருந்து வளர்ந்தது. விண்மீன் மண்டலப் படத்தைக் காட்டி இது சுருளா, நீள்வட்டமா என்று கேட்பார்கள். காட்டு விலங்குப் படங்கள், பழைய கையெழுத்து ஆவணங்கள் எல்லாம் உண்டு. தொடங்கிய ஆண்டிலேயே ஹானி வான் ஆர்கெல் என்ற நெதர்லாந்துப் பள்ளி ஆசிரியை, வானியலாளர்கள் யாரும் அதுவரை கவனிக்காத பச்சை ஒளி மேகம் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார். அது அவர் பெயரிலேயே இருக்கிறது.

குரல் வேண்டும் என்றால் பீ மை ஐஸ் என்ற செயலி. 2015இல் டென்மார்க்கில் வந்தது. பார்வையற்ற ஒருவர் கைபேசிக் கேமராவைக் காட்டி, இந்த மருந்துச் சீட்டில் என்ன தேதி, இந்தச் சட்டை என்ன நிறம் என்று கேட்பார். நாம் பார்த்துச் சொல்ல வேண்டும். எடுக்க முடியாத நேரத்தில் அழைப்பை விட்டுவிடலாம், வேறொரு தன்னார்வலருக்குப் போய்விடும். உங்கள் நிலைக்கு இது சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

பறவைக்கு ஜன்னல் போதும். 2002இல் தொடங்கிய ஈபேர்ட் தளத்தில் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்த பறவைகளையும் பதியலாம். பத்து நிமிடம் பார்த்தேன், இரண்டு காகம், ஒரு மைனா என்று எழுதினால்கூட அது தரவுதான். உலகெங்கும் ஆய்வாளர்கள் அதை எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். கணவரையும் ஜன்னலோரம் உட்காரவைத்துச் சேர்ந்து பார்க்கலாம் அக்கா.

வேர்கள்

ஜன்னலோரம் என்று சொன்னது மனதில் நின்றுவிட்டது. அவர் வலது கையால் எழுத முடியாது, ஆனால் எண்ணுவார். நாளைக்கு முயன்று பார்க்கிறோம். விக்கிமூலத்தில் கணக்குத் தொடங்கியும் விட்டேன்.

மட்டுறுத்துநர்

நல்ல இழை. ஒரு வேண்டுகோள்: தொலைபேசி எண், முகவரி எதையும் பொதுவில் பதியாதீர்கள். ஓய்வூதியப் பணத்தை இரட்டிப்பாக்கும் திட்டம், தன்னார்வப் பணியில் சேர முன்பணம் என்று யாராவது தனி மடலில் வந்தால் எங்களுக்குத் தெரிவியுங்கள். இரண்டு பதிவுகளை அந்தக் காரணத்துக்காக நீக்கியிருக்கிறோம்.

நடைவண்டி

யாரும் உடற்பயிற்சியைத் தொடவில்லை. மேலே பேசிய எல்லாமே காலும் இடுப்பும் ஒத்துழைத்தால்தான். 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பும், இரண்டு நாளாவது தசைப் பயிற்சியும், மூன்று நாளாவது விழாமல் இருக்க உதவும் சமநிலைப் பயிற்சியும் செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 பரிந்துரை. நடை மட்டும் போதும் என்றே நம்மில் பலர் நினைக்கிறோம், போதாது. நோய் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

நிழல்மரம்

ஒரு வாரம் கழித்து வருகிறேன். கோடைமழை அம்மா என்னிடம் சொன்னதை யோசித்தேன். நானும் நண்பரும் சேர்ந்து இன்னும் சிலரை மாலைப் பேச்சுக்கு அழைத்தோம். ஒவ்வொரு வாரமும் ஒருவர் தனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று பேச்சு. முதல் வாரம் ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர், முகவரி சரியில்லாத கடிதங்களை எப்படிக் கண்டுபிடித்துச் சேர்ப்பார்கள் என்று சொன்னார். இருட்டியது தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தோம். சும்மா இருப்பதை நான் விடவில்லை, அதற்குக் கூட்டுச் சேர்த்திருக்கிறேன்.

கோடைமழை

ஐயா, படித்ததும் மனம் நிறைந்தது. நீங்கள் செய்வதற்கு உலக அளவில் ஒரு மரபே இருக்கிறது. பிரான்சின் துலூஸ் நகரில் 1973இல் பியர் வெல்லாஸ் என்ற பேராசிரியர் மூன்றாம் வயதுப் பல்கலைக்கழகம் என்று ஓய்வு பெற்றவர்களுக்காகத் தொடங்கினார். அங்கே பேராசிரியர்கள் கற்பித்தார்கள். 1980களின் தொடக்கத்தில் பிரிட்டனுக்கு அது வந்தபோது, பேராசிரியரே வேண்டாம், தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லட்டும் என்று மாற்றினார்கள். தேர்வு இல்லை, பட்டம் இல்லை. இன்று ஒருவர் ஆசிரியர், நாளை அவரே மாணவர். உங்கள் தபால்காரர் அந்த வகைப் பேராசிரியர்தான்.

அந்திவெயில்

எல்லாருக்கும் நன்றி. வீட்டில் பேசினேன். மனைவிக்கு வீணை திரும்ப எடுக்க வேண்டும் என்ற ஆசை இத்தனை வருடமாக இருந்ததே எனக்குத் தெரியவில்லை. காலை வேலைகளில் எவை எவை என் பொறுப்பு என்று பிரித்துக்கொண்டோம்.

கடைசியாக ஒரு கேள்வி. கணக்குச் சொல்லித் தரும் பணியை ஓய்வு பெற்ற பிறகு, ஒரு மாதம் ஆறுதலாக இருந்துவிட்டுத் தொடங்கலாமா, அல்லது இப்போதே தொடங்க வேண்டுமா?

பழைய போல்ட்நட்

இப்போதே தொடங்குங்கள் சார். வாரம் ஒரு மாலை, ஒன்றரை மணி நேரம். வேலையில் இருக்கும்போதே தொடங்கினால் இடம் சரியில்லை என்று தெரிந்தால் விலகுவது எளிது. ஓய்வு பெற்ற பிறகு விலகினால் மனம் ரொம்ப விழும்.

தூரிகை

வழிமொழிகிறேன். ஆனால் ஓய்வு பெற்ற முதல் மூன்று மாதம் ஊர் மாறுவது, வீட்டை விற்பது மாதிரிப் பெரிய முடிவு எதையும் எடுக்க வேண்டாம். அந்த உற்சாகத்தில் எடுக்கும் முடிவைத் திரும்பப் பெற முடியாது. ஓவிய வகுப்புக்கு அந்தத் தடை கிடையாது. :) தூரிகை இரண்டு போதும், வட்டம் ஒன்று, தட்டை ஒன்று. தாளில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள், சதுர மீட்டருக்கு 300 கிராம் கனமுள்ள தாளாக வாங்குங்கள். மெல்லிய தாள் தண்ணீரில் நெளிந்துவிடும், தப்பு உங்கள் கையில் என்று நினைத்து விட்டுவிடுவீர்கள்.

அந்திவெயில்

சரி, கணக்குக்கு அடுத்த வாரமே கேட்கிறேன். தாளுக்கும் குறித்துக்கொண்டேன்.